உள்பக்கக் கொக்கி

அம்சத் பீவியின் கடையில் ஐந்து ராஜாக்களும் மூன்று ராணிகளும் பதினொரு தேவதைகளும் பாலிதீன் பைக்குள் தொங்குகிறார்கள். பக்கத்திலேயே எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டிக்கு நான்கு வாழைப்பழம், ஒரு தக்காளி. உத்தமபாளையம் கடைவீதியில் அது ஒரு பத்தடிக் கடை. வாசலில் ‘அம்சத் டிரஸ்ஸஸ் - நாடக, நடன உடைகள் வாடகைக்கு’ என்று போர்டு. அடுத்த கதவு என்னுடையது: ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன். என் பெயர் ஜெபா. பதினான்கு வருடமாக எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். அதிலும் டீ டம்ளர் கொடுத்து வாங்க ஒரு ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம்.

அம்சத் அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்தது கம்பம், வாழ்க்கைப்பட்டது இங்கே. வீட்டுக்காரர் முகைதீன் தேங்காய் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்கு இறக்கை கேட்டார்கள். தேவதையை அவர் எங்கே கண்டார்? தெரியாது என்று சொல்லவும் மனசில்லை. அனுமந்தன்பட்டி வயலில் போய் நின்று கொக்கு இறக்கை விரிப்பதைப் பார்த்துவிட்டு வந்து தைத்தார். அன்றிலிருந்து எங்கள் ஊர்த் தேவதைகளுக்குக் கொக்கு இறக்கைதான். யாரும் குறை சொன்னதில்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டு வைப்பார், அந்த உடையை எப்படிப் போடுவது என்று. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்து லேமினேட் செய்து கொடுப்பேன். ‘ராஜா அங்கி. இடது தோளில் மூன்று கொக்கி. கீழ்க் கொக்கியை முதலில் மாட்டவும்.’ இப்படி. எந்த டீச்சரும் அதைப் படித்ததாகச் சரித்திரம் இல்லை. விழா அவசரத்தில் ராஜாவுக்கு முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டிவிட்டு, துணி சரியில்லை என்று வந்து நிற்பார்கள். அக்கா சீட்டை எடுத்து நீட்டுவார்.

நாடகம் எதையும் அவர் உட்கார்ந்து படிப்பதில்லை. உடைப் பட்டியலைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும் என்பார். “வசனம் இல்லாத வேசத்துக்குத் துணியும் இருக்காது, பாத்துக்க” என்பது அவருடைய கணக்கு. நான் சிரிப்பேன்.

போன ஜனவரியில் ஜான்சி டீச்சர் ஒரு நாடகத்தை என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் சர்ச்சுதான். நல்ல மனுஷி, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்தைக் கைக்காசில் கட்டிவிட்டு வெளியே சொல்லாதவர். ஆண்டுவிழாவுக்காக அவர் எடுத்துக்கொண்டது பொன்னிழையாள் கதை. நாங்கள் படித்த காலத்தில் பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் இருந்த பழைய கதைப்பாடல்.

அந்தப் பழைய கதை இதுதான். பொன்னிழையாள் ஒரு ராணி. கணவனைச் சூழ்ச்சியால் கொன்றுவிடுகிறார்கள். அவள் மலையேறி ஓடுகிறாள். மலைக்காரி ஒருத்தி வழி காட்டுகிறாள். கணவாய்க்கு அப்பால் ஒரு துலுக்கக் குதிரை வியாபாரியின் வீட்டில் ஒளிந்துகொள்கிறாள். தேடி வந்த சிப்பாய்கள் வாசலில் நிற்கும்போது, வியாபாரியின் மனைவி தன் முக்காட்டைக் கழற்றி ராணியின் தலையில் போட்டு, பின்வாசல் வழியாக அனுப்பிவிடுகிறாள். இவ்வளவு பேர் பாடுபட்டுக் காப்பாற்றிய ராணி கடைசியில் என்ன செய்கிறாள்? கணவனின் சிதையில் இறங்கிவிடுகிறாள்.

“இப்படி முடியிற கதையப் பொட்டப்பிள்ளைகளுக்கு எப்படி ஜெபா சொல்லிக் குடுக்கிறது?” என்றார் டீச்சர். நியாயமான கேள்வி. அதனால் அவர் மாற்றி எழுதினார். இவருடைய பொன்னிழையாள் சாகவில்லை, வாள் எடுக்கிறாள். வாள் எடுத்தவளுக்கு வெட்ட ஒரு ஆள் வேண்டுமே. குதிரை வியாபாரி வில்லனானான்: பச்சைக் கைலி, குல்லா, கண்ணில் சுருமா, பெண்டாட்டியைப் பூட்டி வைக்கிறவன். விடுதலை செய்ய ஒருத்தி வேண்டுமே. அவன் மனைவி வந்து நின்றாள். வியாபாரியை வெட்டிவிட்டு ராணி அவள் முக்காட்டை ஒரே இழுப்பில் இழுத்து எறிகிறாள். ‘இனி நீ அடிமை இல்லை, பெண்ணே!’ என்கிறாள். அவள் ராணியின் காலில் விழுந்து ‘நன்றி, மகாராணி’ என்கிறாள். மலைக்காரி ராணியின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், நடுவில் அம்பு பாய்ந்து ராணிக்காகச் செத்துப்போகிறாள்.

முப்பத்திரண்டு பக்கம். நான்தான் டைப் அடித்தேன். ஒற்றுப்பிழை வரைக்கும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த ‘அடிமை இல்லை’ வசனத்தில் புல்லரித்துவிட்டது என்று டீச்சரிடம் சொல்லவும் செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் உடைப் பட்டியலோடு அக்காவின் கடைக்குப் போனார். “முக்காடு ஒரே இழுப்புல வரணும்க்கா. எங்கனயாவது மாட்டிக்கிச்சுன்னா சீனே போச்சு.”

“வெல்க்ரோ ஒட்டு வச்சிரலாம் டீச்சர். தொட்டா வந்துரும்” என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை மூன்று பிள்ளைகள் அளவு கொடுக்க வந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ராணியாக நடிக்கும் சுபாஸ்ரீ. வியாபாரியின் மனைவியாக சானியா. மலைக்காரியாக தர்ஷினி, மேகமலைப் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கிறது. சுபாஸ்ரீக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒன்பது இடத்தில் அளவு எடுத்தார் அக்கா. ஐந்து மீட்டர் சாட்டின், இரண்டு விரல் ஜரிகை. சானியாவுக்குத் தலையும் தோளும். தர்ஷினிக்கு மேல் தட்டிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். துணியில் வெட்டிய இலைப் பாவாடை, கறுப்புக் கையுறை, பாசிமணி. ஆறு வருடமாக எல்லாப் பள்ளிக்கும் போய்வருகிற பை. அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை.

முக்காட்டைச் சானியாவுக்கு மாட்டிவிட்டு, “எங்க, இழு பாப்போம்” என்றார் அக்கா.

சுபாஸ்ரீ இழுத்தாள். டர்ரென்று ஒட்டுப் பிரிந்து வந்துவிட்டது. சானியாவின் இரண்டு கையும் தன்னால் தலைக்குப் போயின. பள்ளிக்கு ரிப்பன் வைத்து இரட்டைச் சடை போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை அது, இருநூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியது. முக்காடு போடும் வழக்கமே இல்லை. ஆனாலும் கை போனது.

“இன்னொருக்க இழு” என்றார் அக்கா. மறுபடியும் அதேதான். அக்காவின் முகம் மாறிவிட்டது. “ஆத்தா, இந்த இடத்துல நீ என்ன பேசணும்?”

“‘நன்றி, மகாராணி’ மாமி.”

“அவ்வளவுதானா?”

“மொத்த நாடகத்துலயும் அவ்வளவுதான்.”

“எதுக்கு நன்றி?”

சானியா உண்மையிலேயே யோசித்தாள். “தெரியல மாமி. டீச்சர் எழுதியிருக்காக. உனக்குத்தான் இந்த வேசம் இயல்பா வரும்னு சொன்னாக.” பிறகு, “எங்க அம்மா முன்வரிசையில உக்காருவாக. அவுக பர்தாவோடதான வருவாக? அதான் ஒரு மாதிரியா இருக்கு” என்றாள்.

“எனக்கும் இழுக்கக் கூச்சமாத்தான் இருக்கு அத்தை” என்றாள் சுபாஸ்ரீ.

அன்று மத்தியானம் சுவர் ஓட்டை வழியாக டம்ளருக்குப் பதில் கை மட்டும் வந்தது. “அந்த நாடகத்தக் குடு.” கொடுத்தேன். ஒரு மணி நேரம் மிஷின் சத்தமே கேட்கவில்லை. பிறகு, “ஜெபா, இத நீ படிச்சியா?” என்றார்.

“நான்தானக்கா டைப் அடிச்சேன்.”

“அதக் கேக்கல நான்.”

அக்கா தினமும் கறுப்புப் பர்தாவில் வந்து, அதை மடித்து மிஷின் மேல் வைத்துவிட்டு, தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ராஜா ராணிகளைத் தைக்கிறவர். அவரை ஒருநாளும் நான் அடிமை என்று நினைத்ததில்லை. பிறகு அந்தப் பக்கத்தில் மட்டும் எனக்கு எப்படிப் புல்லரித்தது?

திங்கட்கிழமை டீச்சர் வந்தபோது அக்கா நேராகக் கேட்டார். “டீச்சர், பழைய கதையில அவ தன் முக்காட்டத் தானா எடுத்துக் குடுத்து ராணியக் காப்பாத்துறா. அஞ்சு மார்க் கேள்வி, எனக்கு இன்னும் மறக்கல. நீங்க ஏன் அத இழுத்து எறிய வச்சீக?”

“அது பொண்ண அடக்கி வைக்கிறதோட அடையாளம்க்கா. ராணி அத ஒடைக்கிறா. இத நான் உங்கள மாதிரி ஆளுகளுக்காகத்தான எழுதுனேன்.”

“எங்கள ஒரு வார்த்த கேட்டீகளா?”

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் உங்களத் தப்பா எழுதுவேனாக்கா? அந்தக் காலத்துக் கதை இது. நெசமா நடந்ததா என்ன?”

“காலம் அந்தக் காலம்தான் டீச்சர். முன்வரிசையில உக்காரப்போற பொம்பளைக இந்தக் காலம்ல?”

“ராணி தீயில விழுகட்டும்னு விட்டுரச் சொல்றீகளா?”

“ஐயோ, அவ நல்லா இருக்கட்டும். வாள் எடுக்கட்டும். அவ நிமிர்ந்து நிக்கிறதுக்கு ஒருத்தி கால்ல விழுகணுமா? ஒருத்தி சாகணுமா?”

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அழைப்பிதழ் அடித்தாயிற்று, ஒத்திகை முடிந்தாயிற்று, இனி ஒன்றும் மாற்ற முடியாது, உடையை மட்டும் தைத்துக் கொடுங்கள் என்றார். கோபத்தைவிட மனவருத்தம்தான் அவர் குரலில் இருந்தது. நல்லது செய்யப்போய்த் திட்டு வாங்கியவரின் வருத்தம்.

தேங்காய் லோடு இறக்கிவிட்டு வந்த முகைதீன் அண்ணன், “பேசாம வேணாம்னு திருப்பிக் குடுத்துரு” என்றார்.

“குடுத்தா மதுரையில வாடகைக்கு எடுப்பாக. அந்தப் பிள்ளை தலையில இருந்து அத இழுக்கத்தான் போறாக. ‘நான் தச்சது இல்ல’ன்னு நான் நிம்மதியா ஒறங்கணுமாக்கும்?” என்றார் அக்கா. அண்ணன் டெம்போவைத் துடைக்கப் போய்விட்டார்.

அக்கா வெல்க்ரோவைப் பிரித்தார். முக்காட்டைத் தோளைச் சுற்றி வரும் ஒரு பட்டியோடு சேர்த்துப் பிடித்து, எவ்வளவு இழுத்தாலும் கழுத்து இறுகாதபடி இரட்டைத் தையல் போட்டார். என்னை நிறுத்தி வைத்து மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். பட்டியை மாட்ட, முன்னால் உள்பக்கமாக இரண்டு கொக்கி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, வெளியிலிருந்து கை போட்டாலும் எட்டாது. முடித்துவிட்டு, “சீட்டு அடி” என்றார்.

‘முக்காடு. கொக்கி இரண்டு, உள்பக்கம். போட்டிருப்பவர் தன் கையால்தான் கழற்ற முடியும்.’

“அக்கா, டீச்சர்ட்ட வாயாலயும் சொல்லிருவமா?” எனக்குப் பயமாக இருந்தது.

“போன தடவ வாயாலதான சொன்னேன்? கேட்டாகளா? எழுதியே குடுக்கிறேன்” என்றார்.

சானியாவும் சுபாஸ்ரீயும் கடைசியாகப் போட்டுப் பார்க்க வந்தபோது அந்தப் பழைய கதையை இருவருக்கும் சொன்னார். சானியாவிடம், “கொக்கி உன் கையிலதான் இருக்கு. இஷ்டம் இருந்தாக் கழட்டு, இல்லேன்னா விட்டுரு. ரெண்டுக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். சுபாஸ்ரீயிடம், “ரெண்டு தடவைக்கு மேல இழுக்காத ஆத்தா” என்றார். பைகளை வாங்கிக்கொண்டு போக வந்த டீச்சர் வழக்கம்போல ஒரு சீட்டையும் படிக்கவில்லை.

ஆண்டுவிழா மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. அக்காவும் நானும் மூன்றாவது வரிசை. முன்வரிசையில் சானியாவின் அம்மாவும் இன்னும் நான்கைந்து பெண்களும் பர்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மலைக்காரி அம்பு பட்டு விழுந்தாள். ராணி வாளை உருவிக் குதிரை வியாபாரியை வெட்டினாள். கைதட்டல். பிறகு முக்காடு போட்டவளை நோக்கி வந்து, ‘இனி நீ அடிமை இல்லை, பெண்ணே!’ என்று இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். வரவில்லை. பின்னால், விழா பார்க்க வந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். திரை ஓரத்தில் ஜான்சி டீச்சரின் தலை தெரிந்தது.

சானியா மெதுவாகச் சுபாஸ்ரீயின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “விடுங்கள் மகாராணி. இது என்னுடையது” என்றாள்.

மைக் அதை நன்றாகவே வாங்கிச் சொன்னது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கையை உள்ளே விட்டு ஒரு கொக்கி, இன்னொரு கொக்கி என்று நிதானமாகக் கழற்றினாள். முக்காட்டை எடுத்தாள். கிரீடத்துக்கு மேலேயே ராணியின் தலையில் போட்டாள். “வாசலில் சிப்பாய்கள் நிற்கிறார்கள். பின்வழியாகப் போங்கள்.”

வெட்டுப்பட்டுக் கிடந்த குதிரை வியாபாரி என்ன நடக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். சுபாஸ்ரீ ஒரு கணம் திகைத்தாள். அவளுக்கு அடுத்து ஒரு பக்க வீர வசனம் இருந்தது. அதை விட்டுவிட்டு, “நன்றி அக்கா” என்றாள். யாரோ அவசரமாகத் திரையை இழுத்தார்கள்.

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் நாடகம் முடிந்ததா என்று பக்கத்தில் கேட்டார்கள். சானியாவின் அம்மா மட்டும் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். அக்கா என் கையை விட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் பைகளைக் கொண்டுவந்தார். நானும் போய் நின்றேன். முக்காட்டுச் சீட்டை அவர் தனியாகக் கையில் வைத்திருந்தார். “நேத்துத்தான் படிச்சேன்” என்றார். “எல்லாருக்கும் முன்னாடி என்னைய ஒண்ணும் தெரியாதவளாக்கிட்டீகளேக்கா. நான் நல்லது நெனச்சுத்தான் எழுதுனேன்.”

“தெரியும் டீச்சர். அதனாலதான் கோவம் வரல, வருத்தம் வந்துச்சு. கேட்டு எழுதியிருக்கலாம்ல?” என்றார் அக்கா. டீச்சர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் டீ சொல்லி அனுப்பினேன்.

டீ வருவதற்கு முன்னால் ஒரு பெண் படியேறி வந்தார். நீலச் சேலை, மேலே ஸ்வெட்டர், தோளில் ஹேண்ட்பேக். தர்ஷினியின் அம்மா சண்முகத்தாய் என்றார். தேயிலை எஸ்டேட்டில் வேலை. விழா பார்க்க இறங்கி வந்தவர் இன்றைக்குத்தான் சின்னமனூர் போய் மலை பஸ் ஏறுகிறாராம். பிள்ளையின் உடைப் பை தன்னோடு வந்துவிட்டது என்று மேஜைமேல் வைத்தார். போகவில்லை, நின்றார்.

“இத நீங்கதான் தச்சீகளா?”

“ஆமா” என்றார் அக்கா.

“எம்புள்ள மேடையில சாகுறதப் பாத்தேன். நாடகந்தான, போகுதுன்னு விட்டுட்டேன். எலையக் கட்டிக்கிட்டு, கையில கறுப்பு ஒறைய மாட்டிக்கிட்டு நின்னுச்சு பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல. அதோட கறுப்பு பத்தலையாக்கும்? நாங்க எங்கம்மா எலையக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்?” சத்தம் போடவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார்.

அக்கா தடுமாறினார். “அது... அந்தக் காலத்துக் கதை இல்லையா...”

சொல்லிவிட்டு நிறுத்தினார். ஜான்சி டீச்சர் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல ராணி என்ன உடுத்தியிருந்தான்னு மட்டும் போய்ப் பாத்துட்டு வந்தீகளா?” என்றார் சண்முகத்தாய். “அதுக்கு மட்டும் ஜரிகையெல்லாம் வச்சுக் குடுத்திருக்கீக.”

அக்கா பையைத் திறந்தார். இலைப் பாவாடைக்கு மேலேயே சீட்டு இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் சொல்லி நான் அடித்தது. ‘மலைவாசி. இடுப்பில் எலாஸ்டிக். அளவு பார்க்கத் தேவையில்லை.’ அக்கா அதை ஒரு தடவை படித்தார். பிறகு ஜான்சி டீச்சரிடம் நீட்டினார். டீச்சரும் படித்துவிட்டு, தன் கையிலிருந்த சீட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா அந்த மலைவாசிச் சீட்டைக் கிழிக்கப் பார்த்தார். நான் லேமினேட் செய்தது, கையால் கிழியாது. கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வெட்டினார். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சண்முகத்தாயைப் பார்த்தார்.

“தர்ஷினிய எப்ப கூட்டிட்டு வருவீக? அளவு எடுக்கணும்.”